எனக்குச் சொல்லத்தான் செய்தார்கள், பவி

அன்புள்ள பவித்ராவுக்கு,

நீ தர்மபுரிப் பக்கம் வேலையில் சேர்ந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, ஆனால் அலுக்கவில்லை. காலை பன் அடுப்பிலிருந்து இறங்கியாகிவிட்டது. பிற்பகல் பஃப்ஸுக்கு மாவு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். நடுவில் கிடைக்கிற இந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியதுதான். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பஸ் இருபது நிமிடம் நின்றுகொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிடலாம். அப்படிச் செய்யாமல் எல்லாரும் படிக்கட்டும் என்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம், இங்கே நீ வேலை பார்த்த பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாய். "எங்க நைனா மேல தப்பு இல்லைங்க. அவருக்கு அப்ப யாரும் சொல்லலை." நீ தெரிந்து பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அது உண்மையில்லை, பவி. எனக்குச் சொல்லத்தான் செய்தார்கள். நீ சபையில் சொன்னதை நானும் சபையில்தான் திருத்த வேண்டும்.

நீ எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தாய். முதல் மூன்று மாதம் உன்னை எடை போடுவதற்காகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் முள் கொஞ்சம் நகர்ந்தால் உன் அம்மா அழுவாள், நகராவிட்டாலும் அழுவாள். ஒரு வயதில் டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே பயமில்லை, மத்தக் குழந்தைங்க மாதிரிதான்" என்றார். அந்தச் சொல் உன் அம்மாவுக்குள் போனது, எனக்குள் போகவில்லை. என் மனசில் நீ அதே உள்ளங்கைக் குழந்தையாகவே இருந்தாய். வெண்ணெய் பிஸ்கெட், கிரீம் பன், பாலில் கரைக்கும் டப்பாப் பவுடர் என்று எது கைக்குக் கிடைத்தாலும் ஊட்டினேன். மூன்று வயதில் உன்னைக் கல்லா மேஜைமேல் உட்காரவைப்பேன். வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளி, "கொழுகொழுன்னு இன்னா அழகு" என்பார்கள். பேக்கரிக்காரன் பிள்ளைக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும் என்று எனக்குப் பெருமை. நீ போதும் என்று தலையைத் திருப்பிய வேளைகள் எத்தனையோ இருந்தன. குழந்தைக்குத் தன் வயிறு எப்போது நிறைந்தது என்று தெரியும். அந்த அறிவை உன்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறக்கடித்தவன் நான்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது உன் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தது. அன்று மாலை அந்தக் குழுவில் வந்த நர்ஸம்மா டீ குடிக்க நம் கடைக்கே வந்தார். கல்லாவில் என்னையும், பக்கத்தில் உன்னையும் பார்த்ததும் தயங்கினார். நீ உள்ளே போன பிறகுதான் பேசினார்.

"சார், பாப்பாவுக்கு உயரத்துக்கு எடை ரொம்ப ஜாஸ்தி. கழுத்துல கருப்பா ஒரு பட்டை தெரியுது, அது அழுக்கு இல்லை. ஒருதரம் பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சீட்டுல எழுதியிருக்கேன்."

"வளர்ற புள்ளமா. வயசுக்கு வந்தா தானா சரியாப் பூடும்" என்றேன். அவருக்கு ஒரு பொட்டலம் பிஸ்கெட் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் நீ பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சீட்டைக் கல்லாப் பெட்டியின் அடியில், பழைய பேப்பருக்குக் கீழே வைத்தேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது.

இதில் எழுதக் கை கூசுகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஒரு வருடமும் உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் கழுத்தை அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தாள். "எரியுதும்மா" என்று நீ கத்துவாய். கழுத்து சிவந்து தோல் உரியும்வரை தேய்ப்பாள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது அழுக்கில்லை என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால், நான் விற்கிற சரக்குதான் என் பிள்ளையின் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு எல்லாரும் மலைக்கோயில் படியேறினோமே, உனக்கு நினைவிருக்கும். பாதிப் படியில் நீ உட்கார்ந்துவிட்டாய். காவடிக்காரர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். சொந்தக்காரர்களில் யாரோ, "தூக்குறதுக்கு நாலு ஆளு வேணும்டா" என்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. நீ யாரையும் பார்க்காமல், "நைனா, நெஞ்சு அடிச்சிகினே இருக்குது" என்று என் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்தாய். உன் உடம்பு முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. அன்று தரிசனம் இல்லாமலே உன்னை இறக்கிக் கூட்டிவந்தேன். அந்தப் பயம் என்னை டாக்டரிடம் ஓடவைத்திருக்க வேண்டும். நான் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். மறுநாளிலிருந்து உனக்கு மட்டும் கட்டுப்பாடு. எனக்கும் உன் அம்மாவுக்கும் பூரி, உனக்கு இரண்டே இட்லி. நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பாய். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஒளித்துத் தின்றாய். மாவு மூட்டைக்குப் பின்னால் கிரீம் பன் காகிதங்களையும், வாயில் பன்னோடு உன்னையும் கண்டுபிடித்த அன்று, கடையில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபடவே சொன்னேன்: "நான் வித்துத் தீர்க்கிறதைவிட நீ தின்னு தீர்க்கிறதுதான் ஜாஸ்தி." யாரோ சிரித்தார்கள். நீ அழவில்லை. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாய். அதற்குப் பிறகு ஆறு மாதம் நீ கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நான் ஊட்டி வளர்த்த ஆசைக்கு உன்னைத் திருடியாக்கினேன்.

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது உன் அம்மா கல்லாப் பெட்டியைத் துடைக்கப் போய் அந்தச் சீட்டை எடுத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எத்தினி நாளா தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். ஈரத் துணியைக் கல்லாமேல் வைத்தாள். "நான் அவ கழுத்தைத் தேய்ச்சிகினு இருந்தேனே" என்றாள். பிறகு, "இதை அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். என்னிக்காவது நீங்களே சொல்லுங்க" என்றாள். அந்த என்றைக்காவதுதான் பவி, இன்றைக்கு.

பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா உன்னை முதலில் எடை போடவில்லை. என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டார். உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். "கழுத்துக் கருப்பு, உடம்பு சர்க்கரையைக் கையாளத் தடுமாறுதுன்னு காட்டுது. இன்னும் நோய் வரலை. வராம தடுக்க இதுதான் நேரம். ஆனா பட்டினி போடாதீங்க, வளர்ற குழந்தை. எடை குறையணும்னு அவசரப்படாதீங்க. உயரம் ஏறட்டும், எடை அப்படியே நிக்கட்டும்." நான், "இவளுக்கு இன்னா குடுக்கணும்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இவளுக்குன்னு தனியா எதுவும் கிடையாது. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. அவளை மட்டும் மாத்தணும்னு நினைச்சா நடக்காது. நீங்க மாறினா அவ மாறுவா" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "குண்டுங்கிற வார்த்தை உங்க வீட்டுல இனி வேணாம்."

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. டப்பாப் பவுடரையும் கலர் சோடா பாட்டிலையும் நிறுத்தியதில் உன்னைவிட நான்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். சாப்பிடும்போது டிவி கிடையாது என்று உன் அம்மா சொன்னபோது முதல் வாரம் எங்களுக்குப் பேச விஷயமே இல்லை. விடிகாலையில் முதல் அடுப்பு பன் இறங்கியதும் நாம் சரவணப் பொய்கையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம். நீ என்னோடு பேசாமலே ஒரு மாதம் நடந்தாய். நான் ஒரு ரப்பர் வளையம் வாங்கிவந்தேன். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடத்தில் கயிறு கட்டி, அதற்கு மேலே அங்குமிங்குமாக வளையத்தை வீசி ஆடினோம். மூன்றாம் நாள் நீ வீசியது என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அன்றைக்குத்தான் நீ சிரித்தாய். ஒரு கண்ணாடி போனால் என்ன, இன்னும் பத்து போகட்டும் என்றிருந்தது எனக்கு. அதற்குப் பிறகு நான் உன்னை ஒரு ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று நீ நினைக்கிறாய். இல்லை, நிஜமாகவே தோற்றேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து பையை வீசினாய். விளையாட்டு வகுப்பில் உன்னை ஆடவிடாமல், ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதச் சொல்கிறார்களாம். அதுவும் மாதத்தில் ஒரு நாள்தான், மீதி நாளெல்லாம் அந்த வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாராம். "யாருக்கு ஆடணுமோ அவங்களைத்தான் உக்கார வைக்கிறாங்க நைனா. நான் பி.டி. டீச்சரா ஆனேன்னா என் கிளாஸ்ல ஒருத்தர்கூட உக்கார மாட்டாங்க" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். சிரித்துவிடாதீர்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ வீசிய பையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

நீ ஒல்லியாக ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நாங்களும் பிறகு நினைக்கவில்லை. உயரம் ஏறியது, எடை மெதுவாகவே கூடியது, கழுத்து வெளுத்தது, ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. உடற்கல்விக் கல்லூரித் தேர்வு ஓட்டத்துக்கு உன்னோடு வந்தேன். வேலிக்கு வெளியே நின்ற ஒருவர் உன்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணுமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கடைசியாகத்தான் வந்தாய். எல்லாரும் முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் நிற்காமல் ஓடி, கோட்டைத் தாண்டிய பிறகுதான் குனிந்தாய். பிறகு வேர்வையோடு வந்து, "எல்லாரும் போன அப்புறம் மைதானமே எனக்குத்தான் நைனா" என்றாய். மற்றப் பரிசோதனைகளில் வாங்கிய மதிப்பெண்ணால் உனக்கு இடம் கிடைத்தது. பட்டம் வாங்கிய நாளைவிட அந்தக் கடைசி இடத்தில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

பிறகு ஊரிலேயே அந்தத் தனியார் பள்ளி வேலை. உன் வகுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எல்லார் முன்னிலும் எடை போடும் வழக்கத்தை மாற்றி, துணி மறைப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராக அழைத்தாய். எடையை எழுதிக் கவரில் போட்டு ஒட்டிப் பெற்றோர் கையில் மட்டும் கொடுத்தாய். அப்போதுதான் கேன்டீன் விஷயம் வந்தது. அந்தக் கேன்டீனுக்குச் சரக்குப் போடுவது நான்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "நைனா, பஃப்ஸும் கிரீம் பன்னும் ஸ்கூலுக்கு அனுப்பறதை நீயே நிறுத்திட்டா நல்லாயிருக்கும். நான் கூட்டத்துல பேசப் போறேன்" என்று முன்கூட்டியே சொன்னாய். "நான் நிறுத்தினா வேற ஒருத்தன் போடுவான்" என்றேன். "அப்ப அவன்கிட்டயும் பேசுவேன்" என்றாய். நான் தட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

கூட்டத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மையார்குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். "விசைத்தறிக்கு நேரமாயிடுதுங்க டீச்சர். புள்ள அடம் பண்ணுது, ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கையில குடுத்துட்டு ஓடறேன். தெருவுல விளையாடலாம்னா லாரியும் பைக்கும் வந்துகினே இருக்குது. வீட்டுல செல்லைப் பார்த்துகினு உக்காந்திருக்கா. நான் இன்னா பண்றது, சொல்லுங்க?" என்றார். குரல் சண்டை மாதிரி இருந்தது, கண் அப்படி இல்லை. நீ மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாய். "உங்களைக் குறை சொல்லலைங்க. அம்மா ஒருத்தியால முடியற காரியம் இல்லை இது. அதனாலதான் ஸ்கூலைக் கேக்குறேன். தினம் ஒரு மணி நேரம் இங்கயே விளையாட விடுவோம். கேன்டீன்ல சுண்டலும் பழமும் இருக்கட்டும். நீங்க வீட்டுல கலர் பாட்டிலை மட்டும் நிறுத்துங்க, நேரத்தோட தூங்க வைங்க. மத்தது எங்க வேலை" என்றாய்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒருவர், "கேன்டீன் சரக்கு உங்க அப்பா கடைதானே டீச்சர்?" என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நீ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆங், எங்க நைனா கடைதாங்க. ரொம்ப ருசியா இருக்கும், அதுதான் பிரச்சினையே. நானும் அதைத் தின்னுதான் வளர்ந்தேன். பத்து வயசுல படியேற முடியாம உக்காந்தவ நான். எங்க நைனா மேல தப்பு இல்லைங்க. அவருக்கு அப்ப யாரும் சொல்லலை. இப்ப நான் உங்களுக்குச் சொல்றேன்" என்றாய்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவமானத்தில் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்தாய். நாலு நாள் உன்னோடு பேசாமல் இருந்தது அவமானத்தால் இல்லை, பவி. என்னைக் காப்பாற்ற நீ என்மேல் போர்த்திய துணி என்னைச் சுட்டது. ஐந்தாம் நாள் காலை, பள்ளி நிர்வாகம் முடிவு சொல்வதற்கு முன்பே, வண்டியில் ஏற்றியிருந்த தட்டுகளை இறக்கச் சொன்னேன். அதற்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டலும், வேர்க்கடலையும், வாழைப்பழமும் போனது. முதல் வாரம் பாதி திரும்பி வந்தது. நீ அதை வகுப்புக்கு எடுத்துப் போய், விளையாடி முடித்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டாய். பசியில் தின்ற பிள்ளைகள் மறுநாள் அவர்களாகவே கேட்டார்கள். கடையை நான் மாற்றிவிடவில்லை. பஃப்ஸ் இன்றும் போடுகிறேன். பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும்தான். "கேக்கு பண்டிகைக்கு நைனா, பசிக்கு இல்லை" என்று நீ சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் கிரீம் பன் வாங்க வருகிறவர்களிடம் இப்போது நானே இரண்டு வார்த்தை பேசுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நானும் ஒரு நர்ஸம்மா சொன்னதைத் தட்டிக் கழித்தவன்தான். அம்மையார்குப்பத்து அம்மா போன வாரம் கடைக்கு வந்தார். மகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பள்ளியிலேயே ஆடிவிட்டு வந்து, சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறாளாம். "டீச்சர் ஊருக்குப் போயிட்டாங்களாமே, யாரு பார்த்துக்குவாங்க?" என்று கவலையாகக் கேட்டார். உன் இடத்துக்கு வந்திருப்பவரும் அந்த ஒரு மணி நேரத்தை விடவில்லை என்று சொன்னேன். நீ போன பிறகும் நடக்கிறது பார், அதுதான் நீ செய்த வேலை.

அங்கே புதுப் பள்ளியில் மைதானம் முழுக்க முள் என்றாய். பொறுமையாக வெட்டு. கூடவே தலைமையாசிரியரையும் கூப்பிட்டு முள் வெட்ட வை. பருமனான பிள்ளையை மட்டும் பார்க்காதே. ஒல்லியாக இருக்கிறவனும் பாக்கெட் தீனியால் வயிற்றை நிரப்புகிறவனாக இருக்கலாம். எந்தப் பிள்ளையின் அப்பாவாவது உன்னிடம் முறைத்துக்கொண்டு போனால், அவர் உள்ளே பயந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள், மறுபடியும் போய்ச் சொல். ஒரு தடவை சொன்னது காதில் விழாதவர்கள் உண்டு. உன்னைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், "கொஞ்சம் எடை குறைச்சிகிட்டா நல்லாயிருக்கும்" என்றபோது காபி கொடுத்து, இந்த இடம் வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன். அதையும் உன்னிடம் மறைத்திருந்தேன். அதுதான் நான் மறைத்ததிலேயே நல்ல மறைப்பு. இனி வருகிறவர்களுக்கும் காபி தயார்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. மன்னிப்பாய் என்று தெரியும். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகே நீ மன்னிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன்.

இன்னொன்று. எல்லா அப்பாவும் பிள்ளையிடம் கேட்கிற ஒரு கேள்வியை நான் உன்னிடம் பதினைந்து வருடமாகக் கேட்டதில்லை. நீ கவனித்தாயோ என்னவோ. கடையில் உன்னை அப்படிப் பேசிய நாளிலிருந்து, "சாப்பிட்டியா" என்று கேட்டால் அது உன் காதில் வேறு மாதிரி விழுமோ என்று பயம். ஹாஸ்டலில் இருந்தபோதும் தேர்வு எப்படி, பஸ் கிடைத்ததா, தூங்கினாயா என்றுதான் கேட்பேன். முந்தாநாள் போனில் நீதான் கேட்டாய், "நைனா, சாப்பிட்டியா?" என்று. "ஆங், ஆச்சு" என்றேன். போனை வைக்கப் போனவன், என்னை அறியாமல், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ சிரித்தாய். "மூணு தோசை நைனா. வேர்க்கடலைச் சட்னி. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க, நல்லாயிருந்துச்சு" என்றாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. பக்கத்தில் நின்ற உன் அம்மாவிடம், "மூணு தோசையாம்" என்றேன். போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா